மருந்தின் பெயரைக் கேளுங்கள்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அக்கா ஒரு மாதத்துக்கு முன்பு தொலைபேசியில் அழைத்து, "நீ டொக்டர்தானே, ஏதாவது சுகாதாரம் பற்றிப் பேசு" என்றார். நீரிழிவு, இரத்த அழுத்தம் பற்றியெல்லாம் பேசலாம். ஆனால் அவற்றை யூடியூப் உங்களுக்குக் காலையும் மாலையும் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆகவே வைத்தியர்கள், மருந்துக்கடைகள், தனியார் வைத்தியசாலைகள் பற்றி நம் நாட்டில் கடந்த இருபது ஆண்டுகளில் வந்த சட்டங்களைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். "சட்டமா? மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகா?" என்று அக்கா சிரித்தார். நித்திரை வந்தால் கொள்ளுங்கள். கடைசி ஐந்து நிமிடத்துக்கு மட்டும் பக்கத்தில் இருப்பவர் தயவுசெய்து தட்டி எழுப்பிவிடுங்கள். அங்கே உங்களிடம் ஒன்று கேட்கப்போகிறேன்.

எட்டாம் வகுப்பில் எங்களுக்கு விஞ்ஞானம் படிப்பித்த ரீச்சரை என் வகுப்புத் தோழிகள் மறந்திருக்கமாட்டார்கள். பாடம் முடிந்ததும் "விளங்கினவர்கள் கையை உயர்த்துங்கள்" என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. "விளங்காத ஆட்கள் எழும்பி நில்லுங்கோ" என்பார். முதல் தவணையில் யாரும் எழும்பவில்லை. இரண்டாம் தவணையில் ஒருத்தி எழும்பினாள். மூன்றாம் தவணையில் பாதி வகுப்பு எழும்பி நின்றது. ரீச்சருக்குக் கோபம் வரவில்லை, சந்தோசம் வந்தது. நான் இன்று சொல்ல வந்ததும் இந்த எழும்பி நிற்பதைப் பற்றித்தான். அதற்கு முதலில் நான் விட்ட ஒரு பிழையைச் சொல்ல வேண்டும்.

2012ஆம் ஆண்டு. பகலில் அரசாங்க வேலை, மாலையில் ஒரு சிறிய தனியார் இடத்தில் நோயாளர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திருக்கடலூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். அறுபது வயது தாண்டியவர். சீனி கூடியிருந்தது. நான் சீனிக்கு ஒரு குளிசையை, கம்பனி வைத்த பெயரில் துண்டில் எழுதிக் கொடுத்தேன். அவர் வேறோரிடத்தில் அரசாங்கக் கிளினிக்குக்கும் போய்க்கொண்டிருந்தார். அங்கே அவருக்குக் கொடுத்ததும் அதே மருந்துதான், கிளிக்லசைட். உறையில் அந்தப் பெயர் இருந்தது. நான் கிளினிக் கொப்பியைக் கேட்கவில்லை. அவரும் கொண்டுவரவில்லை. இரண்டு பெயர், இரண்டு நிறம், ஆகவே இரண்டு மருந்து என்று நினைத்து இரண்டையும் ஒழுங்காகக் குடித்தார். மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை விரதம். மத்தியானம் பக்கத்து வீட்டுப் பிள்ளை போய்ப் பார்த்தபோது அடுப்படியில் நினைவில்லாமல் கிடந்தார். ஓட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். இரத்தத்தில் சீனி 32. நாளத்தில் குளுக்கோஸ் ஏற்றியதும் கண்ணைத் திறந்தார். அரை மணித்தியாலம் பிந்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இங்கே இருக்கும் தாதியர்களுக்கும் வைத்தியர்களுக்கும் தெரியும்.

மறுநாள் போய்ப் பார்த்தேன். இரண்டு உறைகளையும் தலையணைக்குக் கீழே வைத்திருந்தார். "இது வேற பேர், அது வேற பேர் பிள்ளை. ரெண்டும் நல்லது எண்டு நினைச்சன். உங்களிட்டக் கேக்கலாம்தான். வெளியில இவ்வளவு சனம் இருக்கேக்க உங்களை ஏன் மினக்கெடுத்துவான் எண்டு பேசாம வந்திட்டன்" என்றார்.

அவருடைய மகள் எனக்கு மூன்று வகுப்புக் கீழே இதே கல்லூரியில் படித்தவள். நோர்வேயில் இருந்து அன்றிரவே அழைத்தாள். "அக்கா, அம்மாவுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டாள். "விரதம் இருந்ததால் சீனி குறைந்துவிட்டது, இப்போது பயமில்லை" என்றேன். பொய் இல்லை. ஆனால் உண்மையில் பாதிதான். அவள் எனக்கு நன்றி சொன்னாள். அந்த நன்றி மூன்று நாள் என்னை நித்திரை கொள்ள விடவில்லை. நான்காம் நாள் நானே அழைத்து முழுவதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "நீங்கள் சொல்லாவிட்டால் அம்மா வீட்டுக்குப் போய்த் திரும்பவும் இரண்டையும் குடித்திருப்பாவே அக்கா" என்றாள். எனக்கு அது தோன்றவே இல்லை. என் மானத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்த மூன்று நாளும் அந்த அம்மாவுக்கு ஆபத்து முடிந்திருக்கவில்லை.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன்.

நம் நாட்டில் யார் வைத்தியர் என்பதைத் தீர்மானிப்பது 1927ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க மருத்துவக் கட்டளைச் சட்டம். ஏறக்குறைய நம் சங்கத்தின் வயதுதான் அதற்கும். பல தடவை திருத்தியிருக்கிறார்கள் என்றாலும் அடித்தளம் அதுதான். இலங்கை மருத்துவச் சபையின் பதிவேட்டில் பெயர் இருப்பவர் மட்டுமே மேலைத்தேய வைத்தியம் செய்யலாம். ஒழுக்கம் தவறியவரை விசாரித்து, பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கும் அதிகாரமும் அந்தச் சபைக்கு இருக்கிறது. ஒவ்வொரு வைத்தியருக்கும் ஒரு பதிவிலக்கம் உண்டு. சபையின் இணையத்தளத்தில் பெயரைப் போட்டு யாரும் தேடிப் பார்க்கலாம். வெள்ளைக் கோட்டும் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பும் யாருக்கும் கடையில் கிடைக்கும். பதிவிலக்கம் கடையில் கிடைக்காது. துண்டில் வைத்தியரின் முத்திரை இருந்தால் அதற்குள் அந்த இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள்.

வைத்தியரைப் பதிவு செய்ததுபோல இடத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்று வந்தது 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் (பதிவு) சட்டம். பெரிய தனியார் வைத்தியசாலை மட்டுமல்ல, தெருமுனையில் இரத்தம் எடுக்கும் ஆய்வுகூடம், அம்புலன்ஸ் சேவை, தனி வைத்தியர் நடத்தும் டிஸ்பென்சரி எல்லாம் இதற்குள் வரும். மாகாணச் சுகாதாரப் பணிப்பாளர் ஊடாகப் பதிவு செய்து, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அந்தச் சான்றிதழைக் காட்டச் சொல்லி நீங்கள் கேட்கலாம். கேட்டால் கோபிக்கும் இடத்தைவிட, "அந்தா இருக்கு, பாருங்கோ" என்று சுவரைக் காட்டும் இடம் நல்லது. சான்றிதழ் இருந்தால் எல்லாம் சரி என்று பொருள் இல்லை. ஆனால் அது இல்லாத இடத்தில் பிழை நடந்தால், யாரிடம் போய் முறையிடுவது என்பதே ஒரு பிரச்சினையாகிவிடும்.

இனி என் பிழைக்கு நேராக வரும் சட்டம். அதன் கதை 2015இல் தொடங்கவில்லை. பேராசிரியர் சேனக பிபிலே என்ற மருந்தியல் அறிஞர் நம் நாட்டில் இருந்தார். ஒரே மருந்து பல கம்பனிப் பெயர்களில் பல விலைகளில் வந்து ஏழை நாட்டின் பணத்தைக் கரைக்கிறது, தேவையான மருந்துகளை அவற்றின் பொதுப் பெயரில் வாங்கினால் போதும் என்று அவர் சொன்னார். 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அமைந்தது, அவரே அதை முன்னின்று நடத்தினார். அந்த வழி பின்னாளில் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துக் கொள்கைக்கும் முன்னோடியாகப் பேசப்பட்டது. அவர் 1977இல் தூர தேசமான கயானாவில் காலமானார். அவர் கேட்ட கொள்கைக்குச் சட்ட வடிவம் கிடைக்க மேலும் 38 ஆண்டுகள் ஆயின.

2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கத் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டம், 1980இல் வந்த பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. வைத்தியர் துண்டு எழுதும்போது மருந்தின் பொதுப் பெயரை எழுத வேண்டும். கம்பனிப் பெயரையும் எழுதலாம், ஆனால் பொதுப் பெயர் இல்லாமல் அதை மட்டும் எழுதக் கூடாது. அடுத்த ஆண்டு, 2016 ஒக்ரோபரில், அதிகம் பயன்படும் 48 மருந்துகளுக்கு அதிகூடிய சில்லறை விலை வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. விலைக் குறைப்பைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதின. எனக்கு மட்டும் அந்த அம்மாவின் தலையணைக்குக் கீழே இருந்த இரண்டு உறைகள் நினைவுக்கு வந்தன. நான் அன்றைக்குப் பொதுப் பெயரை எழுதியிருந்தால், பாமசியில் இருந்தவரோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ எழுத்தைக் கூட்டி வாசித்து, "இரண்டும் ஒன்றுதானே அம்மம்மா" என்று சொல்லியிருக்கலாம்.

சட்டம் வந்ததும் எல்லோரும் மாறிவிட்டோமா? இல்லை. இன்றும் கம்பனிப் பெயர் மட்டும் எழுதிய துண்டுகள் என் மேசைக்கு வருகின்றன. கை பழகிவிட்டது, கம்பனிப் பிரதிநிதியும் வாசலில் நிற்கிறார். 2022இல் டொலர் இல்லாமல் நாடு முடங்கியபோது இந்தச் சட்டத்துக்குப் பெரிய சோதனை வந்தது. மருந்து இல்லை. இருந்த மருந்தின் விலையை அரசே உயர்த்த வேண்டியிருந்தது. பதிவு செய்யாத மருந்துகளை அவசரத்துக்கு இறக்க விலக்கு அளிக்கப்பட்டது. 2023இல் கண் சத்திரசிகிச்சைக்குப் பிறகு விட்ட ஒரு சொட்டு மருந்தால் நுவரெலியாவில் சிலருக்குப் பார்வை பாதித்த செய்தியை வாசித்திருப்பீர்கள். தரமற்ற இம்யூனோகுளோபியூலின் கொள்வனவு விவகாரத்தில் சுகாதார அமைச்சராக இருந்தவரே 2024 பெப்ரவரியில் கைதானார். அவசரத்தில் திறக்கும் கதவை யார் கண்காணிப்பது என்ற கேள்விக்கு நாம் கொடுத்த விலை அது.

மூன்றாவதாக, கவனக்குறைவு பற்றிய சட்டம். இதற்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. உரோம டச்சுச் சட்டத்தின்படி நட்டஈட்டு வழக்குப் போடலாம். எல்லா மருத்துவ மாணவர்களும் படிக்கும் ஒரு வழக்கு இருக்கிறது. 1992இல் மூளைத்தண்டுக் கட்டியால் இறந்த ஒரு சிறுமியின் தந்தை, சிகிச்சையளித்த குழந்தை வைத்தியப் பேராசிரியர்மீது தொடுத்தது. மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபாய் வழங்கத் தீர்ப்பளித்தது. மேன்முறையீட்டில் அந்தத் தொகை குறைந்தது. கடைசியில் 2001இல் உயர் நீதிமன்றம், கவனக்குறைவு இருந்தது, ஆனால் அந்தக் கவனக்குறைவினால்தான் மரணம் நிகழ்ந்தது என்று நிரூபிக்கப்படவில்லை என்று முடித்தது. அந்தக் கட்டிக்கு எப்படியும் தப்பியிருக்க முடியாது என்பது அதன் பொருள். அந்த வீட்டார் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் நீதிமன்றப் படியேறினார்கள்.

இந்த வழக்கைப் படிக்கும்போது நாங்கள் சட்டத்தை மட்டும் படித்தோம். இப்போது திரும்ப வாசிக்கும்போது வேறொன்று படுகிறது. வைத்தியசாலையில் பிள்ளையை இழந்தவர்கள் பெரும்பாலும் முதலில் பணம் கேட்டு வருவதில்லை. "என்ன நடந்தது?" என்று கேட்டுத்தான் வருகிறார்கள். பதில் கிடைக்காதபோதுதான் சட்டத்தரணியிடம் போகிறார்கள். இங்கிலாந்தில் 2014இல் இருந்து, சிகிச்சையில் பிழை நடந்து நோயாளிக்குத் தீங்கு நேர்ந்தால் அதை மறைக்காமல் அவரிடமே சொல்லி வருத்தம் தெரிவிப்பது வைத்தியசாலையின் சட்டக் கடமை. லண்டனில் இருந்து வந்திருக்கும் தாதி அக்காமாருக்கு இது நன்றாகத் தெரியும். இங்கே அப்படியொரு தனிச் சட்டம் இல்லை. வந்தால் நல்லது என்று நான் நினைக்கிறேன். என்னுடைய மூன்று நாள் மௌனத்தை அது மூன்று மணித்தியாலமாக்கியிருக்கும்.

என் சக வைத்தியர்கள் இந்த இடத்தில் எழும்பி ஒன்று கேட்பார்கள், அதிலும் நியாயம் இருக்கிறது. "ஒரு காலைக் கிளினிக்கில் நூறு பேரைப் பார்க்கிறோம். ஆளுக்கு மூன்று நிமிடம். இதில் எதை விளக்குவது, எதை எழுதுவது? நெருக்கடிக்குப் பிறகு எத்தனை டொக்டர்மார் நாட்டை விட்டுப் போய்விட்டார்கள்? இருப்பவர்களையும் வழக்கென்று பயமுறுத்தினால், தேவையில்லாத ஸ்கானும் பரிசோதனையும் எழுதித் தங்களைக் காத்துக்கொள்வார்கள்." உண்மைதான். ஆளும் நேரமும் கொடுக்காமல் கடமையை மட்டும் கூட்டும் சட்டம் காகிதத்தில்தான் இருக்கும். ஆனால் ஒரு மருந்தின் பொதுப் பெயரை எழுத மூன்று விநாடி போதும். "வேறு எங்கேயாவது மருந்து எடுக்கிறீங்களா?" என்று கேட்க அதுவும் வேண்டாம்.

அடுத்தது மொழி. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அடுத்த ஆண்டு வந்த 16ஆவது திருத்தம் வடக்கு கிழக்கில் தமிழை நிர்வாக மொழியாக்கியது. ஆனால் நோயாளி வீட்டுக்குக் கொண்டுபோகும் டயக்னோசிஸ் காட் ஆங்கிலத்தில் இருக்கிறது. சத்திரசிகிச்சைக்கு முன் கையெழுத்து வைக்கும் சம்மதப் படிவம் சிலவேளை சிங்களத்தில் வருகிறது, சிலவேளை ஆங்கிலத்தில் வருகிறது. நம் மாவட்டத்தில் மூன்று சமூகமும் வாழ்கிறது. கந்தளாயில் இருந்து வரும் சிங்களத் தாய்க்குத் தமிழ்ப் படிவத்தை நீட்டினாலும் இதே பிழைதான். சம்மதம் என்பது விளங்கிக்கொண்டு கொடுப்பது. விளங்காத காகிதத்தில் வைத்த கையெழுத்து, வைத்தியசாலையின் கோப்புக்கு உதவும், நோயாளிக்கு உதவாது. ஆகவே, "இதில் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் சொல்லுங்கள், சொன்ன பிறகு கையெழுத்து வைக்கிறேன்" என்று கேளுங்கள். அது திமிர் இல்லை, உரிமை.

இனி நம்மைப் பற்றிய ஒரு விடயம். யாரும் கோபிக்கக் கூடாது. எங்கள் வகுப்பு வட்ஸ்அப் குழுவில் 64 பேர் இருக்கிறோம். ஒருநாள் காலை ஒருத்தி தன் மாமியின் ஸ்கான் ரிப்போட்டைப் படம் பிடித்துப் போட்டாள். "டொக்டர்மார் யாராவது பார்த்துச் சொல்லுங்கோ" என்று கீழே எழுதியிருந்தாள். மாமியின் முழுப்பெயர், வயது, அடையாள அட்டை இலக்கம், கர்ப்பப்பையில் என்ன இருக்கிறது என்பது வரை எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. நான் பார்க்குமுன் நாற்பது பேர் பார்த்துவிட்டார்கள். ரொறன்ரோவில் ஒருத்தி அழும் முகம் போட்டிருந்தாள். மெல்பேணில் ஒருத்தி வேப்பிலைக் கஷாயம் சொல்லியிருந்தாள். மாமிக்கு மட்டும் எதுவும் தெரியாது. பிறகு அவவுக்குத் தெரியவந்தபோது, மருமகளோடு இரண்டு மாதம் பேசவில்லை.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருவரின் உடல்நலம் பற்றிய தகவலை விசேட வகைத் தரவு என்கிறது. வைத்தியசாலை, ஆய்வுகூடம், பாமசி எல்லாம் அதைக் கூடுதல் கவனத்தோடு காக்க வேண்டும். தவறினால் ஒரு கோடி ரூபாய் வரை தண்டப்பணம் விதிக்கலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. இது படிப்படியாக நடைமுறைக்கு வரும் சட்டம். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம்கூட, எவ்வளவோ கதவுகளைத் திறந்துவிட்டு, ஒருவரின் மருத்துவப் பதிவை அவருடைய எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது என்று ஒரு கதவைச் சாத்தி வைத்திருக்கிறது. வீட்டு வட்ஸ்அப்புக்கு எந்த அதிகாரசபையும் வராது. ஆனால் மாமியின் ரிப்போட் மாமியுடையது. அனுப்பத்தான் வேண்டும் என்றால் அவவிடம் கேட்டு, பெயரை மறைத்து, ஒரு டொக்டருக்கு மட்டும் அனுப்புங்கள்.

இதுவரை சொன்னவை கேட்கும் உரிமையைக் கூட்டிய சட்டங்கள். கேட்க முடியாமல் செய்த ஒரு சட்டத்தையும் சொல்லாமல் போனால், துறைமுக ஊர்க்காரியாக நான் பாதியைத்தான் சொன்னவளாவேன். 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம், பிளேக் போன்ற கொள்ளைநோய்கள் நாட்டுக்குள் வராமலும் பரவாமலும் தடுக்க வெள்ளைக்காரர் எழுதியது. 123 ஆண்டுகளுக்குப் பிறகு கோவிட் வந்தபோது அதே சட்டத்தைத்தான் தூசி தட்டி எடுத்தோம். அதன்கீழ் 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வந்த வர்த்தமானி, கோவிட்டால் இறந்தவர்களைத் தகனம் செய்வதைக் கட்டாயமாக்கியது. அடக்கமும் செய்யலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. உயர் நீதிமன்றத்துக்குப் போன மனுக்கள் அந்த ஆண்டு டிசம்பரில் தள்ளுபடியாயின. கிண்ணியாவிலும் மூதூரிலும் வாப்பாவையோ உம்மாவையோ வைத்தியசாலைக்கு அனுப்பவே வீடுகள் பயந்தன.

என்னோடு உயர்தரம் படித்த தோழி கிண்ணியாவில் இருந்து ஒரு இரவு அழைத்தாள். "நீ டொக்டர். இதுக்கு விஞ்ஞானத்தில காரணம் இருக்கா?" என்று கேட்டாள். "நான் படித்ததில் இல்லை" என்றேன். "அப்ப ஏன் நீங்கள் யாரும் சொல்றீங்கள் இல்லை?" என்றாள். தாபன விதிக்கோவைப்படி அரசாங்க உத்தியோகத்தர் அனுமதி இல்லாமல் ஊடகத்துக்குப் பேசக் கூடாது என்று சொன்னேன். அதுவும் பொய் இல்லை. அதுவும் பாதிதான். மற்றவர்கள் கேட்டார்கள். தாய்மாரும், சட்டத்தரணிகளும், சில மூத்த வைத்தியர்களும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2021 பெப்ரவரி இறுதியில் வர்த்தமானி மாறியது. மார்ச் 5ஆம் திகதி ஓட்டமாவடியில் முதல் உடல்கள் அடக்கம் செய்யப்பட்டன. 2024 ஜூலையில் அரசாங்கம் மன்னிப்புக் கேட்க அமைச்சரவை தீர்மானித்தது. சட்டம் என்று அச்சடித்து வந்தாலும் அதைப் பார்த்து "ஏன்?" என்று கேட்க வேண்டிய நாள் வரும் என்பதை அந்தப் பத்து மாதங்கள் எனக்குப் படிப்பித்தன. நான் அந்தப் பாடத்தில் எழும்பி நிற்காதவள்.

இன்னும் மாற வேண்டியவை இருக்கின்றன. மனநோய் பற்றிய நம் கட்டளைச் சட்டத்தின் வேர் 1873இல் இருக்கிறது. புதிய சட்டத்துக்கான வரைபுகள் பல ஆண்டுகளாக மேசைக்கு மேசை போய்க்கொண்டிருக்கின்றன. போரையும் 2004 சுனாமியையும் பார்த்த கரையோரத்துக்கு அது எவ்வளவு அவசரம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, நித்திரை கொள்பவர்களை இப்போது எழுப்பலாம்.

இங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் வெளிநாட்டில் இருக்கிறீர்கள். உங்கள் அம்மாவும் அப்பாவும் உவர்மலையிலும் உப்புவெளியிலும் தம்பலகாமத்திலும் தனியாக இருக்கிறார்கள். தொலைபேசியில், "மருந்து குடிச்சீங்களா?" என்று தினமும் கேட்கிறீர்கள். "குடிச்சன்" என்கிறார்கள். இனிமேல், "என்ன மருந்து குடிச்சீங்கள், பேரைச் சொல்லுங்கோ" என்று கேளுங்கள். அவர்களுக்குத் தெரியாவிட்டால் உறையை வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் பெட்டியில் அனுப்பும் வெளிநாட்டு மருந்தின் பொதுப் பெயரையும், இங்கே கிளினிக்கில் கொடுக்கும் மருந்தின் பொதுப் பெயரையும் ஒருதரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திருக்கடலூர் அம்மாவின் கதை உங்கள் வீட்டிலும் நடந்துகொண்டிருக்கலாம்.

பின்வரிசையில் இருக்கும் தங்கைமாரே, உங்களிடமும் அதிபர் அவர்களிடமும் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நினைவாகச் சங்கம் பல நல்ல வேலைகள் செய்கிறது. அவற்றோடு சிறியதாக இதையும் சேர்ப்போம். பத்தாம் வகுப்பு மாணவி ஒவ்வொருத்தியும் தன் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருக்கும் ஒரு முதியவருக்கு ஒரு மருந்து அட்டை எழுதிக் கொடுக்கட்டும். மடித்துக் கிளினிக் கொப்பிக்குள் வைக்கும் அளவு. மேலே பெயரும், ஒவ்வாத மருந்து ஏதும் இருந்தால் அதுவும். கீழே ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு வரி: பொதுப் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த நேரம், எதற்காக, எந்த இடத்தில் கொடுத்தது. கிளினிக்குக்குப் போனாலும் தனியார் டொக்டரிடம் போனாலும் அந்த அட்டையை முதலில் நீட்டட்டும். பின்பக்கத்தில் கேட்க வேண்டிய நான்கு கேள்விகளைத் தமிழில் அச்சடிப்போம்: இந்த மருந்தின் பொதுப் பெயர் என்ன? நான் ஏற்கெனவே குடிப்பதோடு இதைக் குடிக்கலாமா? இந்தப் படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது? பிழை ஏதும் நடந்தால் எனக்குச் சொல்வீர்களா?

நான்காவது கேள்வியைப் பார்த்துச் சில டொக்டர்மார் முகம் சுளிப்பார்கள். என்னிடம் நீட்டினால் "சொல்லுவேன்" என்று எழுதிக் கையெழுத்து வைத்துத் தருகிறேன். அச்சுச் செலவையும் நானே ஏற்றுக்கொள்கிறேன். எழுதுவதற்குத்தான் பிள்ளைகள் வேண்டும்.

அந்த அம்மா இன்று இல்லை. அதற்குப் பிறகு ஏழு ஆண்டுகள் இருந்து, வயது போய்க் காலமானார். கடைசி வரைக்கும் என்னிடம்தான் வந்தார். ஒவ்வொரு முறையும் துண்டைக் கையில் வாங்கிக்கொண்டு கதிரையை விட்டு எழும்பமாட்டார். "பேரை ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்கோ பிள்ளை" என்பார். வெளியில் எவ்வளவு சனம் இருந்தாலும் வாசித்துக் காட்டினேன்.